தாடையில் கட்டி, உள்ளங்கையில் குழி: கோர்லின் சிண்ட்ரோம் என்றால் என்ன?

பையனுக்கு வயது 16. கீழ்த்தாடையின் வலப்பக்கம் லேசான வீக்கம், வலி இல்லை. தாராவி 90 அடி ரோட்டிலிருந்து சயானில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு அம்மா கூட்டிவந்திருந்தார். ஓபிஜி எடுத்துப் பார்த்தோம். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், ஞானப்பல் முளைக்க வேண்டிய இடத்தில், முட்டை வடிவத்தில் ஒரு கருநிழல். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. அதே படத்தில் இடப்பக்க மேல்தாடையில் சுண்டைக்காய் அளவுக்கு இன்னொரு நிழல்.

ஒரே ஒரு நீர்க்கட்டி என்றால் என் வேலை தாடையோடு முடிந்துவிடும். இரண்டு என்றதும் படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"பல்லக் காட்ட வந்தா கையப் பாக்கியளே, டாக்டரம்மா?" என்றார் அம்மா.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, பத்து நிமிஷம் இரண்டு கைகளையும் ஊறவைக்கச் சொன்னேன். பிறகு ஒற்றியெடுத்துவிட்டு, டென்டல் சேரின் விளக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தேன். ஊறி வெளுத்த தோலில் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள். ஒரு கடுகு உட்காரும் அளவு, அடியில் இளஞ்சிவப்பு. தொட்டால் வலியில்லை, அரிப்பில்லை. வலக்கையில் ஏழு, இடக்கையில் நான்கு.

எட்டிப் பார்த்த அம்மா, "இதுவா? இது எனக்கும் இருக்கே" என்று தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டினார். இருபது வருஷமாக இட்லி அவித்து விற்கிறவர். ராத்திரி மாவாட்டி, விடியுமுன்னே அடுப்பேற்றி, எந்நேரமும் ஈரத்திலேயே கிடக்கும் கை. அவர் கையை ஊறவைக்கவே தேவை இருக்கவில்லை. "உளுந்து கழுவிக் கழுவி மாவு அரிச்ச கை, டாக்டரம்மா. அதான் புள்ளி புள்ளியா ஆயிட்டு."

மாவு அரித்த கை இல்லை அது. அவர் பிறக்கும்போதே உடம்பில் இருந்த ஓர் எழுத்துப் பிழை அது. அந்தப் பிழையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. (அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், தாடையில் ஒன்றுக்கு மேல் கட்டியோடு வந்த ஒரு பெண்ணை அறுவை சிகிச்சைக்கு அனுப்பிவைத்தேன். கட்டியை எடுத்தார்கள், தையல் பிரித்தேன், அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணின் கையை நான் பார்க்கவே இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

ஒரு பல் மருத்துவரும் ஒரு தோல் மருத்துவரும்

கோர்லின் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய ராபர்ட் கோர்லின் என்பவரும் ராபர்ட் கோல்ட்ஸ் என்பவரும் 1960-ல் இதைத் தெளிவாக வரையறுத்து எழுதினார்கள். கோல்ட்ஸ் தோல் மருத்துவர். கோர்லின் பல் மருத்துவர். என் தொழில்காரர் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: இந்த நோயின் முதல் தடயம் பெரும்பாலும் தாடையில்தான் கிடைக்கிறது. அவர்கள் மூன்று விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். தோலில் பல இடங்களில் வரும் ஒருவகைப் புற்று, தாடையில் வரும் நீர்க்கட்டிகள், நுனியில் கவை போலப் பிளந்திருக்கும் விலா எலும்பு. தோல், தாடை, விலா. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தெரியும் இவை ஒரே ஆளிடம், ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருகின்றன. பல அறிகுறிகள் இப்படிக் கூட்டாக வருவதைத்தான் சிண்ட்ரோம் என்கிறோம்.

அந்த மூன்றோடு இன்னும் சில சேரும். உள்ளங்கை, உள்ளங்காலில் குழிகள். சராசரியைவிடப் பெரிய தலைச்சுற்றளவு. மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே திரைபோல் இருக்கும் சவ்வில் இளவயதிலேயே சுண்ணாம்புப் படிவு. எல்லாம் எல்லோருக்கும் வராது. ஒரே வீட்டில் அம்மாவுக்குக் கையில் குழி மட்டும், மகனுக்குத் தாடையில் கட்டி என்று வேறுபடும். அதனால்தான் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை ஓடினாலும் யாரும் கண்டுபிடிக்காமல் போக முடிகிறது.

தாடைக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதற்குக் கெரட்டோசிஸ்ட் என்று பெயர். பல் உருவாகும்போது மிச்சம் விழுந்த செல்களிலிருந்து கிளம்புவது. திறந்து பார்த்தால் உள்ளே திரிந்த பால் மாதிரி வெள்ளையாக, கட்டி கட்டியாக இருக்கும். கெரட்டின் என்ற புரதம் அது. நம் நகத்திலும் முடியிலும் இருப்பதும் கெரட்டின்தான். இந்தக் கட்டி எலும்பின் நீளவாக்கில் சத்தமில்லாமல் பரவும். முகம் வீங்கித் தெரிவதற்குள் தாடையைப் பாதி குடைந்திருக்கும். உறை மிக மெல்லியது, அறுவை சிகிச்சையில் துணுக்கு ஒன்று தங்கினாலும் மறுபடி வளரும். இது கட்டியா, நீர்ப்பையா என்பதில் மருத்துவ உலகமே தடுமாறியது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதைக் கட்டி வகையில் சேர்த்து, 2017-ல் திரும்பவும் நீர்ப்பை வகைக்கே மாற்றியது. எந்த வகையில் சேர்த்தாலும் இது புற்று இல்லை. அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னதும் அதைத்தான்.

எழுத்துப் பிழை என்றால் என்ன?

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 23 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. அவற்றில் டிஎன்ஏ என்ற நீண்ட இழை. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் மாறி மாறி, ஒரு தொகுப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அந்த நெடிய எழுத்து வரிசையில், 'இன்ன புரதத்தை இப்படிச் செய்' என்று சொல்லும் ஒரு பத்திதான் ஜீன், அதாவது மரபணு. செல் அதை மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்கும். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம்.

தமிழிலேயே ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து:

நமது மகள் பழம் தரும் மரம்

இதில் ஒரு எழுத்து மாறி 'பளம்' என்று அச்சாகிவிட்டால்? பிழைதான், ஆனால் பொருள் புரிந்துவிடுகிறது. நம் எல்லோருடைய டிஎன்ஏவிலும் இப்படித் தீங்கில்லாத மாற்றங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. என் ஜீனும் உங்கள் ஜீனும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதில்லை.

'பழம்' என்பது 'பணம்' ஆகிவிட்டால்? நமது மகள் பணம் தரும் மரம். வாக்கியம் சரளமாகத்தான் இருக்கிறது, சொல்ல வந்ததோ அடியோடு மாறிவிட்டது. புரதத்தில் ஓர் அமினோ அமிலம் இடம் மாறி உட்கார்ந்தால், சில சமயம் அந்தப் புரதம் வேலையை மறந்துவிடும்.

இரண்டாவது எழுத்தான 'ம' ஒன்று விழுந்துவிட்டால்? செல்லுக்கு நம்மைப் போல் ஊகித்துப் படிக்கத் தெரியாது. மூன்று மூன்றாகத்தான் எண்ணும்:

நதும கள்ப ழம்த ரும்ம ரம்

ஓர் எழுத்துதான் போனது. அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் குப்பையாகிவிட்டது. இன்னொரு வகையும் உண்டு. 'இத்தோடு நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து டிஎன்ஏவில் இருக்கிறது. அது தவறான இடத்தில் வந்து விழுந்தால், தொடர்கதையின் நடுவில் 'முற்றும்' என்று அச்சடித்த மாதிரி, புரதம் பாதியிலேயே அறுந்துவிடும்.

கோர்லின் சிண்ட்ரோமில் இப்படிப் பிழை விழும் ஜீனின் பெயர் பிடிசிஹெச்1. 'பேட்ச்டு' என்று அதைச் சொல்வார்கள். ஒன்பதாவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. 1996-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. இது செய்யும் புரதத்தில் 1,447 அமினோ அமிலங்கள். பிழை எல்லாக் குடும்பத்திலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு குடும்பத்தில் முன்பகுதியில் ஓர் எழுத்து போயிருக்கும், இன்னொரு குடும்பத்தில் பின்பகுதியில் 'முற்றும்' விழுந்திருக்கும், வேறொன்றில் ஒரு பக்கமே கிழிந்திருக்கும். பெரும்பாலானவற்றின் பலன் ஒன்றுதான்: புரதம் அரைகுறையாகி உபயோகமற்றுப் போகிறது.

முள்ளெலியும் சாவிவாலாவும்

இந்தப் புரதத்துக்கு என்ன வேலை? அதைக் கண்டுபிடித்த கதை பழ ஈயில் ஆரம்பிக்கிறது. வாழைப்பழத்தை மூடாமல் வைத்தால் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இந்த ஈக்களின் ஜீன்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து, புழு எப்படி உருக்குலைகிறது என்று பார்த்தார்கள். ஒரு ஜீன் கெட்டபோது புழுவின் உடம்பெல்லாம் முள் முளைத்தது போல ஆனது. அந்த ஜீனுக்கு 'ஹெட்ஜ்ஹாக்' என்று பெயரிட்டார்கள், முள்ளெலி. 1980-ல் அந்த ஆய்வு வெளியானது, 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "எங்க ஊருக் காட்டுல முள்ளெலி உண்டும் டாக்டரம்மா. தொட்டா பந்து மாதி சுருண்டுக்கிடும்." திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட காடுகளில் இருக்கும் அதே முள்ளெலி. ஈயிலும் நம்மிலும் முள்ளெலி ஜீன் இருக்கிறது. கருவில் கை எந்தப் பக்கம் வளர வேண்டும், விரல் எத்தனை, முதுகெலும்பு எங்கே, பல் எங்கே என்று செல்களுக்குச் சேதி சொல்லும் புரதம் அது. 'இங்கே வளருங்கள்' என்ற கட்டளை.

அந்தக் கட்டளை வராத நேரத்தில் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தி வைப்பதுதான் பேட்ச்டு புரதத்தின் வேலை. மும்பைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரே ஓர் உவமைதான் வேண்டியிருக்கிறது: மாநகராட்சித் தண்ணீர். குழாயில் எந்நேரமும் தண்ணீர் வராது. அந்தந்தப் பகுதிக்கென்று ஒரு நேரம் உண்டு. சாவிவாலா நீளமான இரும்புச் சாவியோடு வந்து ரோட்டில் இருக்கும் வால்வைத் திருப்புவார், தண்ணீர் பாயும். நேரம் முடிந்ததும் திரும்ப வந்து மூடுவார். முள்ளெலிப் புரதம்தான் சாவிவாலா. பேட்ச்டு புரதம் வால்வ். தண்ணீர் என்பது செல் பிரிந்து பெருகுவது.

நமக்கு ஒவ்வொரு ஜீனிலும் இரண்டு பிரதி என்று சொன்னேன் அல்லவா? ஒரே குழாயில் அடுத்தடுத்து இரண்டு வால்வ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்லின் சிண்ட்ரோம் உள்ளவர் பிறக்கும்போதே அவருடைய ஒவ்வொரு செல்லிலும் ஒரு வால்வ் பழுது. இன்னொன்று சமாளித்துக்கொள்கிறது. கருவில் உடம்பு உருவாகும் கட்டத்தில் மட்டும், ஒற்றை வால்வின் கட்டுப்பாடு போதாமல் கொஞ்சம் கசிவு இருப்பதால், விலா எலும்பு பிளப்பது, தலை பெரிதாவது போன்றவை நடக்கின்றன. மற்றபடி செல்கள் ஒழுங்காகவே வாழ்கின்றன.

சிக்கல், ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது வால்வும் உடையும்போது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு உடையலாம், செல் பிரியும்போது நேரும் தற்செயல் பிழையால் உடையலாம். அந்த ஒரு செல்லில் இப்போது மூடுவதற்கு எதுவுமில்லை. சாவிவாலா வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தச் செல் பெருகி, தோலின் அடிப்பகுதியில் புற்றாகிறது. பேசல் செல் புற்று என்பது இதுதான். பிறப்பில் ஒரு அடி, பிறகு ஓர் அடி என்ற இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை ஆல்ஃப்ரட் நட்சன் 1971-ல், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றை ஆராய்ந்து முன்வைத்தார். பரம்பரைப் புற்று ஏன் இளவயதிலேயே வருகிறது, ஏன் பல இடங்களில் வருகிறது என்பதற்கு இதுவே பதில். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு வால்வும் உடைய வேண்டும். இவர்களுக்கு ஒன்று உடைந்தாலே போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மாவிடமிருந்து மகனுக்குப் போவது புற்றுநோய் இல்லை. ஒரு பழுதான வால்வ் போகிறது. இரண்டாவது வால்வைக் காப்பாற்றுவதில் நம் கைக்கு எட்டியது கொஞ்சம் இருக்கிறது.

நம் தோல் நிறம் செய்யும் உதவி, அதனால் வரும் தாமதம்

கோர்லின் பற்றிய புத்தகங்களைத் திறந்தால் முதலில் வருவது தோல் புற்றுதான். எழுதியவர்கள் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். 1997-ல் அமெரிக்காவில் 105 பேரை ஆராய்ந்தபோது, வெள்ளையர்களில் 80 சதவீதம் பேருக்கு பேசல் செல் புற்று வந்திருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 38 சதவீதம் பேருக்கே வந்திருந்தது. ஜீனில் விழுந்த பிழை ஒரே மாதிரிதான். இடையில் நிற்பது மெலனின், நம் தோலுக்கு நிறம் தரும் பொருள். புற ஊதாக் கதிரை அது பெரிய அளவில் உறிஞ்சிவிடுகிறது. இரண்டாவது வால்வுக்கு மேலே பிடித்த குடை மாதிரி.

இது நமக்கு நல்லது. அதே சமயம், தோல் புற்று வரட்டும் என்று காத்திருந்தால் நம் ஊர் நோயாளியை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதே ஆய்வில் தாடைக் கட்டி 74 சதவீதம் பேருக்கும், கைகால் குழிகள் 87 சதவீதம் பேருக்கும் இருந்தன. தாடைக் கட்டி பெரும்பாலும் 20 வயதுக்குள் வந்துவிடுகிறது. ஆகவே நம் ஆட்களுக்கு முதல் கதவு பல் மருத்துவர்தான். பதின்வயதுப் பிள்ளைக்குத் தாடையில் கெரட்டோசிஸ்ட் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்தால், அதுவும் ஒன்றுக்கு மேல் இருந்தால், அல்லது எடுத்த பிறகு வேறு இடத்தில் வந்தால், கையை ஊறவைத்துப் பாருங்கள். பல் மருத்துவர் பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். தாடைக் கட்டி, கைக்குழி என்ற இரண்டு மட்டுமே சேர்ந்தாலும் கோர்லின் என்று மருத்துவர்கள் தீர்மானிப்பதற்குப் போதுமான சான்று.

நம் தோலில் பேசல் செல் புற்று வந்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கருமையாக, பளபளப்பாக, மரு போலவோ மச்சம் போலவோ இருக்கும். 'மச்சம் பெருசாகுது, அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுகிறார்கள். இது வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கு, கண் ஓரம் என்றால் நிலைமை மோசம். சிறிதாக இருக்கும்போது எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

மறக்கக் கூடாத ஒன்று: கதிர்வீச்சு

கோர்லின் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தால், கதிர் பட்ட தோல் முழுக்க, சில மாதங்களிலிருந்து சில வருடங்களுக்குள், பேசல் செல் புற்றுகள் கூட்டமாகக் கிளம்பலாம். காரணம் வெளிப்படை. அந்தக் கதிர் லட்சக்கணக்கான செல்களில் இரண்டாவது வால்வை உடைக்கிறது.

இது யாருக்கு நேர்கிறது என்றால், குழந்தைகளுக்கு. கோர்லின் உள்ள சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில், மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கட்டி வரும். பேட்ச்டு ஜீனில் பிழை இருந்தால் இந்த ஆபத்து 2 சதவீதத்துக்கும் குறைவு. கோர்லினுக்குக் காரணமான இன்னொரு ஜீன் உண்டு, எஸ்யுஎஃப்யு. அதே குழாயில் இன்னும் கீழே இருக்கும் ஒரு வால்வ். அதில் பிழை என்றால் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை போகிறது. மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு வழக்கமான சிகிச்சை. அதனால் வீட்டில் யாருக்கு கோர்லின் இருந்தாலும், குழந்தைக்கு எந்தப் புற்று சிகிச்சை தொடங்கும் முன்பும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அவசியமில்லாத சிடி ஸ்கேனையும் தவிர்க்க வேண்டும். எம்ஆர்ஐயில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. பல் எக்ஸ்ரேக்குப் பயப்படத் தேவையில்லை. அதன் அளவு மிகக் குறைவு, தாடைக் கட்டியைச் சீக்கிரம் பிடிக்க அது வேண்டும்.

"சொந்தத்துல கட்டினதாலயா?"

இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மா தனியாக வந்தார். கல்யாணம் மாமா மகனோடு. வீட்டில் மாமியார், "சொந்தத்துக்குள்ள கட்டினதால வந்த வினை" என்று சொல்லிவிட்டாராம். நம் சனங்களிடம் இந்தக் கேள்வி வராத மரபணு நோயே இல்லை. ஆகவே நிதானமாகப் பதில் சொன்னேன்.

சில மரபணு நோய்கள் இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வரும். வெயில் பட்டாலே தோல் கருகிப் புள்ளி விழுந்து, சிறுவயதிலேயே தோல் புற்று வரும் சீரோடெர்மா பிக்மென்டோசம் அப்படிப்பட்டது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு கெட்ட பிரதியைத் தெரியாமல் வைத்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வருகிறது. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே கெட்ட பிரதி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. கோர்லின் அப்படி இல்லை. ஒரு பிரதி கெட்டாலே போதும். கணவர் மாமா மகனாக இருந்தாலும், மராத்திக்காரராக இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயம் சுண்டுவது போல. மூத்தவனுக்கு வந்துவிட்டது, அதனால் இளையவளுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டுகிறோம். ஆண், பெண் பேதமும் கிடையாது.

ஐந்தில் ஒருவருக்கோ இன்னும் சற்று அதிகமானவர்களுக்கோ பெற்றோர் இருவரிடமும் பிழை இருப்பதே இல்லை. கரு உண்டாகும்போது புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழை. 300 கோடி எழுத்தைப் பிரதி எடுக்கும் வேலையில் அது நடக்கத்தான் செய்யும். கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதோ, கிரகணமோ, யாருடைய பாவமோ அதற்குக் காரணமில்லை. அந்த அம்மா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத எங்க அத்தைக்கிட்ட நீங்களே ஒரு வாட்டி சொல்லுதியளா?" என்றார். சொன்னேன், போனில். அத்தை முழுதாக நம்பினாரா என்று தெரியாது. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று கேள்வி.

பரிசோதனைக்கு வேண்டியது கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம். ஜீனை எழுத்துக்கு எழுத்து படிப்பார்கள். கூடவே பெரிய துண்டாக ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று தனியாகவும் பார்ப்பார்கள். முதலில் நோய் தெரிந்தவருக்குத்தான் செய்ய வேண்டும். அவரிடம் பிழை இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் போதும். சில சமயம் ரிப்போர்ட்டில் 'பொருள் நிச்சயமாகாத மாற்றம்' என்று வரும். 'பளம்' வகையா 'பணம்' வகையா என்று இன்னும் தீர்மானமாகவில்லை என்பது அதன் அர்த்தம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு போகாமல், மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து படியுங்கள். மும்பையில் டாடா நினைவு மையத்தில் பரம்பரைப் புற்றுக்கென்று தனி கிளினிக் இருக்கிறது.

பிழை இருப்பது உறுதியானால் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் விடாமல் செய்ய வேண்டியவை. ஏறக்குறைய 8 வயதிலிருந்து, வருஷத்துக்கு ஒருமுறையோ ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறையோ தாடைப் படம். தோல் மருத்துவரிடம் முறையாகத் தலை முதல் கால் வரை பரிசோதனை. வெயிலில் முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். பையன் கிரிக்கெட் ஆடுகிறவன். ஆடக் கூடாது என்று சொல்லவில்லை, உச்சி வெயிலை விட்டுச் சாயங்காலம் ஆடச் சொல்லியிருக்கிறேன்.

மருந்தும் வந்திருக்கிறது, அதன் கதை வினோதமானது. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆட்டுக்குட்டிகள் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. தாய் ஆடுகள் சினையாக இருந்தபோது மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று தெரியவந்தது. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த நச்சுக்கு, ஒற்றைக்கண் அரக்கனின் கிரேக்கப் பெயரை ஒட்டி சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அது முள்ளெலிக் கட்டளையையே அடைக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. வால்வ் உடைந்தாலும் அதற்குக் கீழே குழாயை அடைத்துவிடலாம் அல்லவா? அந்த யோசனையில் பிறந்த மாத்திரை விஸ்மோடெகிப். 2012-ல் அமெரிக்காவில் முற்றிய பேசல் செல் புற்றுக்கு அனுமதி பெற்றது. கட்டிகள் சுருங்குகின்றன. நாக்கில் ருசி போவது, முடி கொட்டுவது, தசைப்பிடிப்பு என்று பலர் பாதியில் நிறுத்தும் அளவுக்குப் பக்கவிளைவும் உண்டு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆட்டுக்குட்டிக்கு நடந்ததை நினைத்தால் ஏன் என்று புரியும்.

பையனுக்கு இரண்டு கட்டிகளையும் எடுத்தாயிற்று. ரத்தப் பரிசோதனையில் அவனுக்கும் அம்மாவுக்கும் ஒரே இடத்தில் ஓர் எழுத்து விழுந்திருந்தது. தங்கைக்கு 9 வயது. அவளுக்கு அந்த வரி சுத்தமாக இருக்கிறது. அதைச் சொன்ன அன்று அம்மா என் மேஜை மேல் ஒரு தூக்கு நிறைய இட்லி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வள்ளியூரில் இருக்கும் தன் அக்காவுக்கு வீடியோ கால் போட்டார்.

"எக்கா, ஒரு சட்டியில வெந்நி எடுத்துக் கைய முக்கி வையி. ஏன்னு கேக்காத. பத்து நிமிசம் கழிச்சி வெளிச்சத்துல காட்டு."

பத்து நிமிஷம் போனைப் பிடித்தபடி காத்திருந்தோம். முற்றத்து வெயிலில் ஒரு ஈரக் கை திரை முழுக்க விரிந்தது. படம் ஆடியது, தெளிவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். பெருவிரல் மேட்டுக்குக் கீழே மூன்று புள்ளிகள்.

"உன் பிள்ளைக்குத் தாடையில ஒரு கட்டி எடுத்தாவள்லா, போன வருசம்?" என்று அக்காவிடம் கேட்டார் அம்மா. "அந்தப் படத்த எடுத்துக்கிட்டு வா. டாக்டரம்மா பாக்கணுங்காவ."